காற்று அட்டவணை

பட்டமேற்படிப்பின் தனிச் செயற்றிட்டம்:
சிறு வணிகமொன்றுக்கான
தரவுத்தள வடிவமைப்பும் நடைமுறைப்படுத்தலும்.
தலைப்பை மேற்பார்வையாளர் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டார்.
வணிகத்தைத்தான் நான் தேடவேண்டியிருந்தது.

குருநகரில், ஐஸ் கொம்பனிக்கு அடுத்த ஒழுங்கையில்
மேரி யசிந்தாவின் கடை.
நைலோன் நூல், மிதப்புக்கட்டை, ஈயக்குண்டு,
எஞ்சின் ஒயில், பதினைந்து குதிரைவலு எஞ்சினுக்குச் சில்லறைச் சாமான்.
கடன் கொப்பிகள் பதினொன்று.
பத்தாவது மண்ணெண்ணெய் குடித்திருந்தது,
ஒரு பக்கத்துக் கடன் மறுபக்கத்துக்கும் தெரிந்தது.

முதல் கிழமை நான் கீறியது வடிவான படம்.
வாடிக்கையாளர் ஒரு பெட்டி. பொருள் ஒரு பெட்டி.
நடுவில் கடன்.
ஒன்றுக்குப் பல என்று கோடிழுத்து
நுனியில் காகக்காலும் போட்டேன்.
யசிந்தாக்கா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தா.
"ஆரடி பிள்ளை இந்த வாடிக்கையாளர்?"
"கடன் வாங்கிற ஆள், அக்கா."
"ஆள் எங்க வாங்குது? வள்ளமெல்லோ வாங்குது."

மரியசீலன் 'விண்மீனை' அல்போன்சுக்கு விற்றபோது
நாற்பத்தேழாயிரம் கடனும்
அணியத்தில் ஏறிப் போனதாம்.
ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை.
ஒருவரும் மறுக்கவுமில்லை.

முதன்மைச் சாவியை அழித்தேன்.
அடையாள அட்டை இலக்கம் இருந்த இடத்தில்
வள்ளத்தின் பதிவு இலக்கம்.
இரண்டு இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

"அந்தோனிப்பிள்ளையின்ர வள்ளம் பாரில அடிச்சு உடைஞ்சிது.
எஞ்சினைக் கழட்டித் தம்பியின்ரயில பூட்டினவை.
இனி அந்தக் கடன் தம்பிக்கு" என்றா,
மிதப்புக்கட்டை எண்ணியபடி, எண்ணிக்கை தவறாமல்.

எஞ்சினுக்கும் ஓர் அட்டவணை.
கடனுக்கென்று சொந்தமாய் ஓர் இலக்கம்.
ஆளையும் வள்ளத்தையும் எஞ்சினையும் விட்டுவிட்டுத்
தானே நடந்துபோகக்கூடிய ஒன்று.
இயல்பாக்கலின் மூன்றாம் படி என்று அறிக்கையில் எழுதினேன்.
பொய்.
அது யசிந்தாக்கா சொன்னபடி.

பிறகு திகதி வந்தது.
'திருப்பித் தரும் நாள்' என்ற கட்டம்
வெறுமையை ஏற்காது. நான்தான் அப்படிக் கட்டினேன்.
கொப்பியில் அந்த இடத்தில் இருப்பதோ
சோளகம் விட்டாப்பிறகு.
வாடைக்கு.
கச்சான் அடங்க.
ஆண்டு, மாதம், நாள் கேட்டால்
அவ யன்னலைப் பார்க்கிறா.
நானும் பார்த்தேன். கொடியில் ஒரு சாரம்
தெற்குப் பக்கமாய் உப்பிக்கொண்டு நின்றது.

அன்றிரவு மின்சாரம் இரண்டு தரம் போய் வந்தது.
மூன்றாம் தரம் போவதற்குள் கட்டி முடித்தேன்,
முழுத் தரவுத்தளத்திலும் ஆகச் சிறிய அட்டவணை:
காற்று.
நான்கே நிரை.
வாடை, சோளகம், கச்சான், கொண்டல்.
ஒவ்வொரு கடனிலும் திகதி போய்
காற்றின் அந்நியச் சாவி வந்தது.

வாய்மொழிப் பரீட்சையில் ஒருவர் கேட்டார்,
"இதென்ன, வானிலை அறிக்கையா?"
"இல்லை சேர், வணிக விதி."
அவர் சிரித்தார்.
மற்றவர் சிரிக்கவில்லை. நாவாந்துறைப் பக்கமாக்கும்.
"கொண்டலில ஆர் கடன் கட்டினது?" என்று மட்டும் கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.
பி பிளஸ்.

நாலு மாதம் கழித்துக் காப்புப் பிரதி எடுக்கப் போனேன்.
கணினிக்கு ஒரு துவாய் போர்த்தியிருந்தது.
காற்று அட்டவணையில் இப்போது ஏழு நிரை.
ஐந்து: பெருநாள் முடிய.
ஆறு: மகன் காசு அனுப்பினால்.
ஏழு: கேட்கக்கூடாது.

ஏழாம் காற்றில் எத்தனை கடன் நிற்கிறதென்று எண்ண
ஒரு வரி போதும்.
அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டும் எழுதுவேன்.
எழுதினேன். ஓட்டவில்லை,
"பிளேன்ரீ குடிக்கிறியோ பிள்ளை?" என்று உள்ளிருந்து குரல்,
ஓம் என்றேன், எழுதியதை அழித்தேன்.

மேசையில் பன்னிரண்டாவது கொப்பி
திறந்தபடி கிடந்தது.
மை காயவில்லை.
பறக்காமலிருக்க மேலே
ஓர் ஈயக்குண்டு.